நீர்க்கோடு

ஒரு பொருளை உருவாக்கும் வேலையில் இறுதியாக வருவது பூச்சுப்பணி. இறுதியில் வருவதாலேயே அதனை எளிய பணி என்று எண்ணுவோர் பலர். சிறிய மரத்தோணி ஒன்றுக்கு முதன்முறையாக வண்ணம் பூச முனைந்த ஒருவரின் பட்டறிவு, அப்பணியின் நுட்பத்தையும் அது வேண்டும் நேர்மையையும் எடுத்துரைக்கிறது.

ஓடாவியின் கடைசித் தோணி

தூத்துக்குடிக் கடற்கரைக்கு மரத்தோணிகளோடு நெடுநாள் உறவு உண்டு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் அங்கே கட்டப்பட்டன. ஒருகாலத்தில் காற்றையும் பாயையும் மட்டும் நம்பி ஓடிய அவை, பின்னாளில் எந்திரத்தையும் பொருத்திக்கொண்டன. தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்றும், தோணியைச் செலுத்தும் தலைவரைத் தண்டல் என்றும் அப்பகுதி மக்கள் அழைப்பர்.

அவ்வாறு நாற்பது ஆண்டுகள் ஓடாவியாக உழைத்த ஒருவர், முதுமையில் தொழிலை விட்டபின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து ஒரு சிறு தோணியைச் செதுக்கினார். ஒன்றரை அடி நீளம். மஞ்சணத்தி மரம். அணியத்தின் நிமிர்வு, வயிற்றுப் பகுதியின் பருமன், பின்புறத்தின் ஒடுக்கம் ஆகிய யாவும் அவர் கட்டிய பெரிய தோணிகளின் அளவைச் சுருக்கிச் செய்தவை. பலகைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களைக் கூட மெல்லிய கீறல்களாக வரைந்திருந்தார். வண்ணம் பூசும் வேலை மட்டும் எஞ்சியிருந்தது.

அப்போதுதான் அவருடைய கண்கள் மங்கின. கண்ணில் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைத் தாக்கியிருந்தது. இந்நோயால் இழந்த பார்வையை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே மருத்துவத்தால் முடியும். அவருக்கு எஞ்சியது வெளிச்சமும் நிழலும்தான். தோணி, பழைய வேட்டித் துண்டில் சுற்றப்பட்டுப் பரண்மேல் ஏறியது.

அவருக்கு ஒரே மகன். அவன் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். உளியைப் பிடித்தறியாதவன். சிறுவயதில் தந்தையின் பட்டறைக்குச் சென்றதெல்லாம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத்தான். "என் கை காய்த்தது போதும்; உன் கை பேனா பிடிக்கட்டும்" என்று தந்தை அவனை அனுப்பிவிடுவார். மகனும் திரும்பிப் பார்த்ததில்லை. நாற்பது வயதை நெருங்கிய பின், இருபது நாள் விடுப்பில் ஊருக்கு வந்தவன் பரணிலிருந்து அந்தத் துணிமூட்டையை எடுத்தான்.

"நான் வண்ணம் பூசித் தரட்டுமா அப்பா?"

தந்தை உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "கீழே செங்காவி. நடுவே நெல்மணி அகலத்துக்கு வெள்ளைக் கோடு. மேலே வண்ணம் வேண்டாம், வார்னிஷ் மட்டும். மரம் தெரியணும்" என்றார்.

அவசரத்தின் நிறம்

மகன் மறுநாளே கடைத்தெருவுக்குச் சென்று சிறு டப்பாக்களில் செங்காவி, வெள்ளை எனாமல் வண்ணங்களையும், வார்னிஷ், டர்ப்பன்டைன், இரண்டு தூரிகைகள், ஓர் ஒட்டுநாடா ஆகியவற்றையும் வாங்கிவந்தான். கடைக்காரர் உப்புத்தாள் வேண்டுமா என்று கேட்டார். மரம் வழவழப்பாகத்தானே இருக்கிறது என்று எண்ணிய அவன், வேண்டாம் என்றான்.

தோணி நீரில் மிதக்கும்போது நீர் தொடும் எல்லையே நீர்க்கோடு. அதனைக் குறிப்பதற்குத் தந்தை ஒரு வழி சொன்னார். தோணியைச் சமதளமான மேசையில் ஆடாமல் நிறுத்தவேண்டும். ஒரு மரக்கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, கட்டையைத் தோணியைச் சுற்றி நகர்த்தவேண்டும். பென்சிலின் உயரம் மாறாது. ஆகவே தோணியின் உடல் எவ்வளவு வளைந்திருந்தாலும் கோடு ஒரே மட்டத்தில் ஓடும். அதன்படி வரைந்தபோது மகனுக்கு வியப்பு உண்டானது. கையில் எடுத்துப் பார்த்தால் கோடு வளைந்து நெளிந்து தெரிந்தது. மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

அந்த மகிழ்ச்சியில் அவன் விரைந்து செயற்பட்டான். கோட்டின் மேல் விளிம்பில் ஒட்டுநாடாவை ஒட்டினான். பச்சை மரத்தின் மேலேயே செங்காவியைப் பூசினான். வறண்ட நிலம் முதல் மழையை உறிஞ்சுவதுபோல் மரம் வண்ணத்தை உறிஞ்சியது. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளிறல். திட்டுத்திட்டாகத் தெரிந்ததைச் சரிசெய்ய, இரண்டு மணி நேரத்தில் இரண்டாம் பூச்சைத் தடிப்பாகப் பூசினான். இரவு படுக்கப் போகுமுன் மூன்றாவதாகவும் ஒன்று.

விடிந்ததும் ஒட்டுநாடாவை உரித்தபோது அவன் முகம் சுருங்கியது. நேரான விளிம்பு இல்லை. மட்டமான தாளில் மை பரவுவதுபோல், செங்காவி நாடாவின் அடியில் நுழைந்து மரத்தின் இழைகள் வழியே மேலேறியிருந்தது. தந்தை மரமாகவே தெரியவேண்டும் என்று சொன்ன மஞ்சள் நிறப் பரப்பில் செந்நிறக் கீற்றுகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்ப்பகுதியில் தடிப்பான வண்ணம் வழிந்து, துளிகளாகத் தொங்கியபடியே உறைந்திருந்தது.

தந்தையிடம் சொல்லலாம். ஆனால் தந்தைக்குத்தான் கண் தெரியாதே என்ற எண்ணமும் அவனுக்குள் எழுந்தது. நெல்மணி அகலத்துக்கு இருக்கவேண்டிய வெள்ளைக் கோட்டை அவன் விரல் அகலத்துக்கு விரித்தான். செந்நிறக் கீற்றுகள் மறையும்வரை வெள்ளையை மேன்மேலும் அப்பினான். எட்ட நின்று பார்த்தபோது, தோணி ஓரளவு அழகாகவே தெரிந்தது.

கோடு சொல்லும் உண்மை

நீர்க்கோட்டைப் பற்றிய வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வணிகக் கப்பல்கள் பல, தாங்கும் அளவுக்கு மேல் சரக்கை ஏற்றிச் சென்று கடலில் மூழ்கின. சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் மாலுமிகளின் உயிருக்காகப் போராடினார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டு, கப்பலின் பக்கத்தில் சுமை எல்லையைக் கோடிட்டுக் காட்டவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. ஆயினும் அக்கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதைக் கப்பலின் உரிமையாளரே முடிவு செய்யலாம் என்றிருந்தது. விரும்பிய உயரத்தில் வரையலாம் என்றால் அந்தக் கோட்டால் யாருக்குப் பாதுகாப்பு? கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்தது 1890ஆம் ஆண்டில்தான். கப்பலில் கோடு இருப்பது மட்டும் போதாது. அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால்தான் உண்மையைச் சொல்லும்.

மகனின் வெள்ளைக் கோடும் அப்போது இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டியிருந்தது.

விரலின் பார்வை

மூன்றாம் நாள் மாலை அவன் தோணியைத் தந்தையின் மடியில் வைத்தான். அவர் இரு கைகளாலும் அதனை ஏந்தினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அணியத்திலிருந்து புறப்பட்டு மெல்ல நகர்ந்தன. அடிப்பகுதியில் விரல் நின்றது.

"இங்கே வண்ணம் வழிஞ்சிருக்கு."

விரல் மீண்டும் நகர்ந்தது; மீண்டும் நின்றது. "இது தூரிகை மயிர்." அடுத்து வெள்ளைக் கோட்டுக்கு வந்தது. அதன் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் விரல் மாறிமாறித் தொட்டது. தந்தையின் நெற்றி சுருங்கியது.

"நெல்மணி அகலம்னு சொன்னேன். இது வரப்பு மாதிரி மேடு தட்டுது. எதை மூடியிருக்க?"

மகன் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னான். தந்தை சினக்கவில்லை. தோணியை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. "கண்ணு ஏமாறும் மக்கா, விரல் ஏமாறாது. பூச்சு பள்ளத்தை நிரப்பாது, மேட்டைக் கரைக்காது. அடியில் என்ன இருக்கோ, அதைத்தான் மேலே பளபளன்னு காட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "சுரண்டி எடு. மரத்துக்கே திரும்பிப் போ" என்றார்.

தந்தை கூறியது தொழிலறிந்தோர் அனைவரும் உடன்படும் உண்மை. பளபளப்பான பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சிறு கீறலும் அந்த ஒளியில் பெரிதாகத் தெரியும். வெறும் மரத்தில் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்கூட வண்ணம் பூசியபின் துலக்கமாகும். ஆகவே பூச்சுப்பணியின் பெரும்பகுதி, தூரிகையைத் தொடுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது.

மரத்துக்குத் திரும்புதல்

சுரண்டும் வேலை ஐந்து நாள்களை எடுத்துக்கொண்டது. தந்தை, தச்சர்கள் செய்வதுபோல் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் வண்ணத்தைச் சீவி எடுக்கக் கற்றுத்தந்தார். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மரத்தின் இழை ஓடும் திசையிலேயே இழுக்கவேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் இழை பிய்ந்து எழும்.

அதன்பின் உப்புத்தாள். அதன் முதுகில் அச்சிட்ட எண்ணின் பொருளை மகன் அப்போதுதான் அறிந்தான். எண் சிறிதாயின் மணல் பருமன். எண் பெரிதாயின் மணல் நுண்மை. முதலில் 120, அடுத்து 180, பின் 240. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்ட கீறல்களை அழித்து, தன் சிறிய கீறல்களை விட்டுச்செல்லும். இடையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் பழைய கீறல் அப்படியே தங்கிவிடும். வெறும் விரலால் தாளை அழுத்தினால் பள்ளம் விழும் என்பதால், தட்டையான இடங்களுக்குத் தக்கைக் கட்டையிலும் வளைவுகளுக்குத் துணிச்சுருளிலும் தாளைச் சுற்றித் தேய்த்தான்.

தேய்த்து முடித்ததாக அவன் நினைத்த வேளையில், ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கச் சொன்னார் தந்தை. துடைத்துக் காயவிட்டதும் வழவழப்பான பரப்பு மீண்டும் சொரசொரப்பானது. நீர் பட்டதும் படுத்திருந்த மர இழைகள் எழுந்து நின்றன. "முதல் பூச்சு பட்டதும் இது எப்படியும் எழும். இப்பவே எழுப்பித் தேய்ச்சிட்டா அப்புறம் எழாது" என்றார் தந்தை. அன்றைக்கே எழுந்திருக்கவேண்டிய இழைகளைத்தான் முதல்முறை அவன் வண்ணத்தின் அடியில் புதைத்திருந்தான்.

தந்தை கீறியிருந்த பலகைக் கோடுகளே அவனை மிகவும் அச்சுறுத்தின. சற்று அழுத்தித் தேய்த்தால் அவை அழிந்துபோகும். மீண்டும் வரைந்துதரத் தந்தையால் இயலாது. ஆகவே அந்த இடங்களில் தாளைத் துண்டுதுண்டாக மடித்து, கோடு கோடாகத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கப் பழகினான். முதல்நாள் அவன் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டை அவன் விரல் கண்டது. அவன் தந்தையின் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தான். "ஆமா" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக மகன் அன்று முழுவதும் மகிழ்ந்திருந்தான்.

காத்திருக்கும் கலை

அது ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வண்ணம் பூசவேண்டாம் என்று தந்தை தடுத்தார். மகனுக்கு விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. ஒருமுறை அவன் பொறுமையிழந்து, "தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டதே" என்றான்.

"தோல் காய்ஞ்சிருக்கு, உள்ளே காயலை" என்றார் தந்தை.

எனாமல் வண்ணம் இரு நிலைகளில் இறுகுகிறது. முதலில் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிச் செல்கிறது. அதன்பின் எஞ்சிய எண்ணெய்ப் பசை, காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. இந்த இரண்டாம் நிலைக்கு நேரம் வேண்டும். தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே காற்றுப் போகாமல் தடுக்கும். அடியில் குழம்பாகவே இருக்கும் வண்ணத்தின்மேல் அடுத்த பூச்சு விழுந்தால் மேல்தோல் சுருங்கி மடிப்பு விழும். ஆகவே தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சுகள் மூன்று மேலானவை.

இரண்டாம் முறை மகன் ஒவ்வொரு படியையும் வரிசைப்படி செய்தான். முதலில், வார்னிஷில் சம அளவு டர்ப்பன்டைன் கலந்து தோணி முழுவதும் பூசினான். நீர்த்த வார்னிஷ் மரத்துக்குள் ஊறி இழைகளின் வாயை அடைத்தது. மறுநாள் நுண்ணிய தாளால் மெல்லத் தேய்த்து மீண்டும் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் நீர்க்கோட்டை வரைந்து ஒட்டுநாடாவை ஒட்டினான். நாடாவின் விளிம்பை நகத்தால் அழுத்தி, அவ்விளிம்பின் மேல் மட்டும் வார்னிஷை மெல்லத் தடவினான். விளிம்பின் அடியில் எங்கேனும் இடுக்கு இருந்தால் நிறமற்ற வார்னிஷ் அதனை அடைத்துவிடும். பின்னால் வரும் செங்காவி உள்ளே புக வழியிராது.

பூசுவதற்கு முன் தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கினான். மின்விசிறியை நிறுத்தினான். தூரிகையின் நுனியை மட்டும் வண்ணத்தில் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் ஒற்றி, நீளவாக்கில் இழுத்தான். பூசிய இடத்துக்கு மீண்டும் தூரிகையைக் கொண்டுசெல்லாதிருக்கத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டான். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு முழுநாள். மழைநாளாயின் இரண்டு நாள். இறுதிப் பூச்சு சற்று இறுகியதும், ஆனால் முழுவதும் கெட்டியாவதற்கு முன்னர், நாடாவைப் பின்புறமாக மடித்துச் சாய்வாக இழுத்தான். செங்காவியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

நீருக்கு அடியில்

செங்காவிப் பகுதிக்கு மகன் எடுத்துக்கொண்ட நாள்களைக் கண்டு, "கீழ்ப்பக்கம் யாருக்கும் தெரியாதே அப்பா" என்று ஒருநாள் கேட்டான். தந்தை சிரித்தார்.

பெரிய கலங்களில் மிகுந்த கவனத்தைப் பெறுவது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியே. பலகைகளுக்கு இடையிலான இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்பது பெயர். அதன்மேல் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவது பழைய வழக்கம். மீன்நெய்யையும் மரத்தில் தடவுவர். இவ்வளவும் செய்வது நீரைத் தடுப்பதற்கு மட்டுமன்று. கப்பற்புழு என்று மக்கள் அழைக்கும் உயிர் கடலில் உண்டு. உண்மையில் அது புழு அன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மரத்தில் ஊசிமுனை அளவு துளையிட்டு நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைச் சல்லடையாக்கிவிடும். வெளியே பார்த்தால் பலகை நன்றாகவே தெரியும்.

இதனைத் தடுக்க 1761ஆம் ஆண்டு பிரிட்டனின் கடற்படை, 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் மூடிச் சோதித்தது. புழுவின் தொல்லை நீங்கியது. ஆனால் தகட்டை அகற்றிப் பார்த்தபோது, செம்பும் கடல்நீரும் சேர்ந்து இரும்பு ஆணிகளை அரித்திருந்தது தெரியவந்தது. மேலே பளபளத்த தகட்டின் அடியில் கப்பலைக் கட்டிநிறுத்திய ஆணிகள் தேய்ந்துகொண்டிருந்தன. பின்னர் இரும்புக்கு மாற்றாகச் செப்புக் கலப்பு ஆணிகளைப் பயன்படுத்தி அக்குறையை நீக்கினர். இன்றைய கப்பல்கள் பலவற்றின் அடிப்பகுதி செந்நிறமாகத் தோன்றுவதற்கும், உயிரினங்கள் ஒட்டாமல் தடுக்க வண்ணத்தில் செப்பின் ஆக்சைடைச் சேர்ப்பதே காரணமாயிற்று.

"தண்டலும் ஆளுகளும் மேல்தட்டுல நின்னு பார்க்கிறது மேல்பக்கத்தை. அவங்களைத் தாங்குறது கீழ்ப்பக்கம்" என்றார் தந்தை.

விரல் காணாத குறை

பதினெட்டாம் நாள். நெல்மணி அகலத்தில் வெள்ளைக் கோடு அமைந்துவிட்டது. மேற்பகுதிக்குக் கடைசி வார்னிஷும் பூசிக் காய்ந்துவிட்டது. மஞ்சணத்தியின் மஞ்சள் நிறம் தேன்போல் ஒளிர்ந்தது. தந்தையின் உளித்தடம் பதிந்த பலகைக் கோடுகள் ஒன்றுகூட அழியாமல் தெரிந்தன.

ஒரு குறை மட்டும் எஞ்சியிருந்தது. அணியத்தின் வலப்புறத்தில், கோட்டுக்குச் சற்று மேலே, அரைவிரல் நீளத்துக்கு மெல்லிய செந்நிறக் கீற்று. முதல்முறை நுழைந்த செங்காவி அவ்விடத்தில் ஆழமாக ஊறிப்போயிருந்தது. அதனை முற்றும் எடுக்கத் தேய்த்தால் அருகிலிருந்த பலகைக் கோடு அழியும் என்பதால், மகன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். இப்போது வார்னிஷின் அடியில் அது மரத்தின் இழைபோலவே தோன்றியது. தொட்டால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

தந்தை தோணியை ஏந்தினார். விரல்கள் அணியத்திலிருந்து புறப்பட்டன. அடிப்பகுதி முழுவதும் தடவின. வெள்ளைக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நகத்தால் தொடர்ந்தன. வலப்புறக் கீற்றின் மேலேயும் விரல் சென்றது, நிற்கவில்லை, கடந்து சென்றது. மும்முறை அவ்வாறே கடந்து சென்றது.

"எங்கேயும் தட்டலை" என்றார் தந்தை. அவர் முகம் மலர்ந்திருந்தது.

மகன் பேசாதிருந்தான். தந்தையின் விரல் ஏமாறாது என்பதே அவர் பெருமை. இந்தக் குறை அந்த விரலுக்கு எட்டாதது. இதனைக் காணும் கண் அந்த வீட்டில் அவனுடையது மட்டுமே. பேசாமல் இருந்தால் தோணி குறையற்றது. தந்தையின் மகிழ்ச்சியும் குறையற்றது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ஒரு இடத்தில் குறை இருக்கிறது அப்பா" என்றான் அவன். தந்தையின் விரலைப் பிடித்து அணியத்தின் வலப்புறத்தில் வைத்தான். "இங்கே பழைய செங்காவி உள்ளே இருக்கிறது. எடுத்தால் நீங்கள் போட்ட கோடு போய்விடும் என்று விட்டுவிட்டேன்."

தந்தை அவ்விடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார். "விரலுக்குத் தெரியலையே" என்றார். அவர் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. நெடுநேரம் கழித்து, தம் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொன்னார். தோணி கட்டும்போது பலகையில் எங்கேனும் ஒட்டுப்போட நேரும். மேலே பூசிவிட்டால் அது எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் தோணியைக் கடலில் இறக்குமுன் ஓடாவி, தண்டலைக் கையைப் பிடித்து அழைத்துச்சென்று அந்த இடத்தைத் தொட்டுக்காட்டிவிடுவார். நடுக்கடலில் நீர் கசிந்தால் முதலில் எங்கே பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

"ஒட்டு இல்லாத தோணி கிடையாது மக்கா. ஒட்டைச் சொல்லாத ஓடாவிதான் இருக்கக்கூடாது" என்று சொல்லித் தோணியை மகன் கையில் கொடுத்தார்.

இரண்டு நாள்களில் மகன் சென்னைக்குத் திரும்பினான். அவன் நகக்கண்களில் செங்காவி இன்னும் ஒட்டியிருந்தது. தோணி இப்போது முன்கட்டின் மாடத்தில் இருக்கிறது. அதைக் காண வருவோர் வெள்ளைக் கோட்டின் நேர்த்தியைப் புகழ்வார்கள். மேற்பரப்பின் பளபளப்பைப் புகழ்வார்கள். தந்தை அமைதியாகக் கேட்டுக்கொள்வார். பிறகு அவர்களின் கையைப் பிடித்து அணியத்தின் வலப்புறத்தில் வைத்து, "இங்கே ஒரு குறை இருக்கு, பாருங்க. என் மகன் சொன்னான்" என்பார்.